கொல்லைப்புறத்தில் ஒரு கலைக்குடில்

நெசவாளர் வீட்டில் தறிக்கு இடம் உண்டு. கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி எடுத்துக்கொள்ளும். எஞ்சிய மூலையில் இராட்டை அமரும். சுவரோரமாகப் பாவுச் சுருளும் சாயமேற்றிய பட்டுக் கழிகளும் தொங்கும். உண்பதும் உறங்குவதும் விருந்தினரை வரவேற்பதும் இவற்றின் இடுக்கிலேதான். ஆனால் அத்தறியில் நாளை எழவேண்டிய கரையைப் பற்றியும் முந்தியைப் பற்றியும் இன்று எண்ணிப் பார்க்கவும், கட்டத்தாளை விரித்து வரையவும், பிடிக்காவிடில் கிழித்தெறிந்து மீண்டும் வரையவும் அவ்வீட்டில் ஒரு முழ இடம் கிடைப்பது அரிது. இக்குறையை நம் கொல்லைப்புறத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்பதை, இருமுறை தவறி மூன்றாம் முறை தேறியவன் என்ற உரிமையில் உறுப்பினர் அன்பர்கட்குக் கூற விழைகின்றேன்.

எமது சிற்றூர் வாலாஜாபாத்தை அடுத்தது. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வரும் நெடுஞ்சாலை எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் செல்கின்றது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதற்கார் வெளிவந்ததும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பெற்றதும் நாடறிந்த செய்திகள். அவற்றைத் தொடர்ந்து உதிரி உறுப்பு ஆலைகள் பல தோன்றின. இன்று திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது ஆலைப் பேருந்தை எதிர்நோக்கிச் சாலையோரம் நிற்கக் காணலாம். என் மகனும் அவ்வாறு நிற்பவனே. இதனை யான் குறையாகக் கூறவில்லை. பட்டறைச் சம்பளம் மாதந்தோறும் வருகின்றது. தறிக்கூலி பாவு முடிந்தால்தான் வரும். ஆயினும் ஆலையும் நிலைபேறுடையது என்று எண்ணிவிடுதற்கில்லை. திருப்பெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியதையும், பல்லாயிரவர் வேலை இழந்ததையும் நாம் கண்ணாரக் கண்டோம். மகன் ஆலைக்குச் செல்லட்டும். ஆனால் கைத்தொழிலின் நுட்பம் வீட்டைவிட்டு வெளியேறிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மகனுக்கு வாரம் ஒரு முறை மாறிவரும் வேலை நேரம். இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து படுப்பான். எட்டு மணிக்கு யான் தறியில் அமர்ந்து மிதியை மிதித்தால் வீடு முழுதும் அதிரும். பல நாள் பொறுத்திருந்த பிள்ளை ஒரு நாள், "அப்பா, இந்த வாரம் மட்டும் காலையில் தறியை நிறுத்தி வையுங்களேன், கண் எரிகிறது" என்றான். கேட்டது நியாயமே. இரவு வேலை வாரங்களில் நெசவை மாலைக்கு மாற்றிக்கொண்டேன். அப்பொழுது புதியதொரு சங்கடம் எழுந்தது. காலை எட்டு முதல் நண்பகல் தாண்டி இரண்டு மணி வரை, நாளின் மிக நல்ல வெளிச்சத்தில், யான் வெறுங்கையுடன் திண்ணையில் அமர்ந்திருந்தேன். வண்ணம் தெரியும் நேரம் அது. கோலம் எழும் நேரமும் அதுவே. அமர்ந்து வரைய இடமில்லை.

வரைவதற்குக் காரணமும் இருந்தது. என் தந்தையார் தம் காலத்தில் வரைந்த கரைக் கோலங்கள் அறுபத்திரண்டு கட்டத்தாள்களாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. தறிக்குழியை ஒட்டிய தரையில் அப்பெட்டியை வைத்திருந்தேன். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் தெருவில் ஏரிநீர் புகுந்து குழித்தறிகள் யாவும் கிணறுகளாயின. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பும் பச்சையும் கலந்து கூழாகிக் கிடந்தன. பாவு கெட்டால் சங்கத்தில் வேறு பாவு பெறலாம். அத்தாள்களை எவரிடம் பெறுவது? நினைவிலிருந்தும், ஊரார் வீடுகளில் உள்ள பழைய புடவைகளைப் பார்த்தும் மீண்டும் வரைவது ஒன்றே வழி. அதற்கு ஓர் அறை வேண்டும் என்று அன்றே துணிந்தேன்.

"வரைவதற்கென்று தனியறையா? இஃது ஆடம்பரமன்றோ?" என்று எங்கள் தெருவிலேயே கேட்டவருண்டு. இவ்வினாவிற்கு விடை நம் மாவட்டத்திற்கு அருகிலேயே, கடற்கரையில் இருக்கின்றது. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கூறுகின்றேன். சென்னைக் கலை, கைத்தொழில் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், படித்து முடித்த தம் மாணவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காகத் தூரிகையைக் கைவிட்டு வேறு வேலைக்குப் போவதைக் கண்டு வருந்தினார். ஓவியத்தை விற்று வாழ்தல் அந்நாளில் ஆகாத செயல். ஆகவே 1963-இல் கலைஞர்கள் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகு தடவிச் சாயமேற்றும் பத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். அவ்வருவாயில் ஒரு பகுதியைச் சேர்த்து எட்டுப் பத்து ஏக்கர் மணற்பாங்கான நிலத்தை வாங்கி, 1966-இல் அங்கே குடியேறினர். ஏறத்தாழ முப்பது கலைஞர்கள். அரசினர் கட்டித் தந்த குடியிருப்பு அன்று அது. கைத்தொழிலே நிலம் வாங்கியது, கைத்தொழிலே கூரை போட்டது. தொடக்கத்தில் அங்கிருந்தவை எளிய குடில்களே. நாளின் ஒரு பகுதி கைவினை, மறுபகுதி தம் சொந்த ஓவியமும் சிற்பமும் என்று வகுத்து வாழ்ந்தனர்.

கூட்டுறவு இயக்கத்தினராகிய நாம் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விற்பனைக்குரிய வேலையையும் மனத்திற்குரிய வேலையையும் அவர்கள் ஒன்றோடொன்று குழப்பவில்லை. முன்னது பின்னதற்குச் சோறு போட்டது. பின்னது முன்னதற்குப் புதுமை தந்தது. ஜே. சுல்தான் அலி, ரெட்டப்ப நாயுடு, எம். சேனாதிபதி, எஸ். நந்தகோபால் போன்றோர் பெயர்கள் பிற்காலத்தில் நாடெங்கும் பரவின. சென்னை ஓவிய இயக்கத்திற்கென ஓர் அருங்காட்சியகமும் அங்கே அமைந்துள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் அன்பர்கள் ஒருமுறை இறங்கிப் பார்த்து வருவது நலம். நம்மிடம் பத்து ஏக்கர் இல்லை. ஆனால் முருங்கைக்கும் கிணற்றுக்கும் இடையே பதினைந்தடி நிலம் பலரிடம் இருக்கின்றது.

கவியரசர் தாகூர் 1935-இல் சாந்திநிகேதனத்தில் 'சியாமளி' என்னும் மண்வீட்டைக் கட்டுவித்தார். சுரேந்திரநாத் கர் அதனை வகுத்தார். நந்தலால் போஸும் மாணவர்களும் சுவர்களில் புடைப்புச் சிற்பங்கள் அமைத்தனர். கூரையும் மண்ணாலேயே அமைந்தது. தீப்பற்றும் ஓலைக் கூரைக்கு மாற்றுக் காண்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. ஆங்கில நாடகாசிரியர் பெர்னார்டு ஷா தம் தோட்டத்தில் எட்டடிச் சதுரமான மரக்குடில் ஒன்றில் அமர்ந்து எழுதினார். வெயில் வரும் பக்கத்திற்குக் குடிலையே திருப்பிக்கொள்ளும்படி அதனைச் சுழலும் மேடைமேல் வைத்திருந்தார். குடிலுக்கு 'இலண்டன்' என்று பெயர். தேடி வருவோரிடம் "ஐயா இலண்டனில் இருக்கிறார்" என்று வீட்டார் சொல்லிவிடுவார்களாம். வெயிலைத் தேடிச் சுழல்வது குளிர்நாட்டார் வழக்கம். வெயிலைக் கண்டு ஒதுங்குவதே நம் தேவை. ஆகவே அயல்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கட்டுவதில் எச்சரிக்கை வேண்டும். இவ்வெச்சரிக்கை இல்லாமற்போனதால் யான் பட்டதையும் கூறிவிடுகின்றேன்.

முதன்முதலில், 2016-ஆம் ஆண்டு, மூங்கிற்கால் நட்டுத் தகரம் வேய்ந்து அவசரமாக ஒரு கொட்டகை போட்டேன். சித்திரை வைகாசியில் அதனுள் பத்து நிமிடம் இருக்க இயலவில்லை. வியர்வை சொட்டித் தாள் நனைந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வந்தது. தகரங்களில் இரண்டை மறுநாள் அடுத்த தெருவில் கண்டெடுத்தேன். மற்றவை சென்ற இடம் தெரியவில்லை. எவர்மேலும் விழாதது தெய்வச் செயல்.

அதற்கடுத்த தை மாதம் ஒழுங்காகத் திட்டமிடத் தொடங்கினேன். பத்திரிகையில் வந்த ஒரு படத்தைப் பார்த்து, மாலைக் கதிரவன் மறையும் அழகைக் காணும்படி மேற்கே பெரிய சாளரம் வைத்து வரைபடம் போட்டுக் கொத்தனாரிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "மூன்று மணிக்கு மேல் இந்தச் சன்னலுக்கு எதிரே உட்காரப் போவது யார் ஐயா?" என்று கேட்டார். அவ்வொரு வினாவில் என் வரைபடம் முடிந்தது. மேற்கு வெயில் அறையைச் சூளையாக்கும்; சாயமேற்றிய நூலின் நிறத்தையும் வெளுக்கச் செய்யும். மேற்குச் சுவரைத் திறப்பே இல்லாமல் விட்டு, அதன் உட்புறம் முழுவதும் நூல் தட்டுகள் அமைத்தோம். குடிலுக்கும் வெயிலுக்கும் இடையே நூலும் சுவரும் சேர்ந்து ஒரு திரையாயின.

ஓவியர்கள் வடக்கு வெளிச்சத்தைப் போற்றுவர். வடதிசை வானத்திலிருந்து வரும் ஒளி நேர்வெயிலன்று. நிழல் தாவாது, காலை முதல் மாலை வரை பெரிதும் மாறாது. அரக்கும் மெரூனும் வேறுவேறு என்று கண் பிரித்தறிய இதனினும் நல்ல ஒளி இல்லை. ஆனால் நூல்களில் எழுதாத ஒன்று நம் நாட்டில் உண்டு. திருப்பெரும்புதூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையில் இருக்கின்றது. சித்திரை பத்துத் தேதியளவில் கதிரவன் நம் உச்சியைக் கடந்து வடக்கே சென்றுவிடுகின்றான். ஆவணித் தொடக்கத்தில்தான் திரும்பி வருகின்றான். இந்த நான்கு திங்களும் நண்பகலில் வெயில் வடக்கிலிருந்து விழும். உச்சிக்கு அருகிலேயே நிற்பதால் இரண்டடித் தாழ்வாரம் அதனைத் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் மட்டும் வெயில் வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் சாய்ந்து நுழையும். சாளரத்தின் இருபுறமும் ஒன்றரையடி நீட்டிய செங்கற்காதுகள் கட்டினால் அதுவும் தீரும்.

இதைவிடப் பெரிய இக்கட்டு மழை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை வருவதும் வடகிழக்கிலிருந்தே. ஒளிக்காக எத்திசையைத் திறக்கின்றோமோ அத்திசையிலிருந்தே சாரல் அடிக்கின்றது. தாழ்வாரத்தை நான்கடி நீட்டினாலென்ன என்று கேட்டேன். ஆசாரி ஒப்பவில்லை. நீட்டம் மிகுந்தால் புயற்காற்று அடியிற் புகுந்து கூரையைத் தூக்கிவிடும் என்றார். தகரம் பறந்த கதை அறிந்தவன் ஆதலின் மறுமொழி கூறவில்லை. முடிவில் இரண்டடித் தாழ்வாரமே நின்றது. வடக்குச் சாளரத்தை ஆறடி அகலம், நான்கடி உயரமாக அமைத்து, மேற்பாதியில் அசையாக் கண்ணாடி, கீழ்ப்பாதியில் வெளிப்புறம் திறக்கும் மரக்கதவு என்று பிரித்தோம். மழையில் கீழ்க்கதவை மூடினாலும் மேற்கண்ணாடியால் ஒளி வரும். தென்கிழக்கில் சிறு சாளரம் ஒன்று. கோடையில் பிற்பகலுக்குப் பின் வரும் கடற்காற்று அவ்வழியே நுழைந்து வடக்கே வெளியேறும்.

அளவைப் பற்றி ஒரு சொல். எத்தனை அடி என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு அதனுள் வேலையைத் திணிப்பது பிழை. யான் வீட்டு முற்றத்தில் கரியால் கோடு போட்டு, மேசைக்குப் பதில் கட்டிலையும், நாற்காலிக்குப் பதில் முக்காலியையும் வைத்து, கையை நீட்டியும் திரும்பியும் நடந்தும் பார்த்தேன். வரைய நாலடி மேசை, மாதிரி நெய்து பார்க்கச் சிறு சட்டத்தறி, புடவையை முழு அகலத்திற்கு விரித்துப் பார்க்க ஒரு பலகை, இவற்றிற்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி போதுமானதாயிற்று. கூலித்தறியை இக்குடிலுக்குள் கொண்டுவராதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். வந்தால் ஒரே மாதத்தில் குடில் மற்றொரு தறிக்கூடமாகும். வரைமேசை மேல் தார்க்குச்சிகள் குவியும். அப்படியும் கதவை உட்புறம் திறக்க வைத்துவிட்டேன். அதனால் மூன்றடி இடம் வீணாயிற்று. பிறகு செலவழித்து வெளிப்புறம் திறக்கும்படி மாற்றினேன்.

மூலைகளை நேராக்க நூற்கயிறே போதும். ஒரு மூலையிலிருந்து ஒருபுறம் ஆறடி, மறுபுறம் எட்டடி அளந்து, இருமுனைகட்கும் இடையே சரியாகப் பத்தடி வருமாறு இழுத்தால் அம்மூலை நேர்மூலையாகும். பாவு நீட்டிப் பழகிய கைகளுக்கு இதில் சிரமமில்லை. அடிமேடையின் உயரத்தை வெள்ளமே எனக்குக் கூறிற்று. 2015-இல் கொல்லையில் நீர் நின்ற கோட்டைக் கிணற்றுச் சுவரில் குறித்து வைத்திருந்தேன், தரையிலிருந்து ஒன்றரையடி. அதற்கு மேல் ஒன்பதங்குலம் சேர்த்து இரண்டேகாலடியாக உயர்த்தி, மூன்று படிகள் வைத்தோம். ஏரிப் பாசன நிலங்களில் களிமண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும். அத்தகைய மண்ணில் மேலாகத் தோண்டிக் கட்டினால் ஈராண்டில் சுவர் பிளக்கும். களியைக் கடந்து கெட்டி மண் காணும் வரை வானம் தோண்டுதலே முறை.

சுவரைக் குறித்து, திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை ஒன்றைக் கைக்கொண்டேன். ஓர் ஊரின் வீடு அவ்வூரைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளால் அமைய வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதை அவர் ஓயாமல் நினைவூட்டி வந்தவர். அவர் முறையில் செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, உட்சுவரும் வெளிச்சுவருமாக இரண்டு வரிசை அடுக்கி, இடையிடையே குறுக்குக் கல் கொடுப்பார்கள். நடுவில் மூன்றங்குல வெற்றிடம் நிற்கும். சுவரின் கனம் ஒன்பதங்குலமே. ஆனால் கல்லில் காற்பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். என் குடிலின் அளவுக்குச் சாதாரணச் சுவரெனில் ஏறத்தாழ 3,400 கல் வேண்டும். இம்முறையில் 2,550 அளவில் முடிந்தது. எங்கள் கொத்தனார் இதனை முன்பு செய்தவரல்லர். முதல் இரு வரிசைகளில் வழக்கம்போல் வெற்றிடத்தைச் சாந்தால் நிரப்பிவிட்டார். பிரித்து மீண்டும் கட்டினோம். பின்னர் பலகைத் துண்டொன்றை வெற்றிடத்தின்மேல் மூடிவைத்துச் சாந்து பூசினார். அந்த உபாயம் அவருடையதே. மூலைகளிலும் நிலைகளின் ஓரத்திலும் கூரை அமரும் மேல்வரிசையிலும் மட்டும் வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும்.

கூரைக்கு ஓலையே குளிர்ச்சி, மறுப்பாரில்லை. ஆயினும் 2004 சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. நூலும் தாளும் நிறைந்த அறைக்கு ஓலை வேண்டாம். கல்நார் அட்டை வெப்பமானது, அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு, அதனை விலக்குக. யான் தேர்ந்தது மங்களூர் ஓடு. முப்பது பாகைச் சரிவில், தாழ்வாரம் உட்பட 313 சதுர அடிக் கூரைக்கு, நூறு சதுர அடிக்கு 150 ஓடு வீதம் 470 ஆகும். உடைசலுக்குச் சேர்த்து 500 வாங்கினேன். பழைய வீடுகளை இடிப்போரிடம் கிடைத்த ஓடுகள் இவை, புதியவற்றினும் உறுதியானவை. கைமரங்களைச் சுவரின்மேல் வெறுமனே வைத்தல் ஆகாது. சுவர் கட்டும்போதே மூன்றடி ஆழத்தில் இரும்புக் கம்பிகளைப் புதைத்து, அவற்றின் மேல்நுனியால் ஒவ்வொரு கைமரத்தையும் இறுக்கினோம்.

தட்டுகளுக்கும் மச்சுக்கும், ஆலைகளுக்கு இயந்திரங்களைச் சுமந்து வரும் பலகைச் சட்டங்களைப் பழைய மரக்கடையில் வாங்கினேன். இவற்றில் முத்திரை பார்த்து வாங்குதல் வேண்டும். 'எச்.டி.' என்றிருப்பது வெப்பத்தால் பக்குவப்படுத்தியது, அதனைக் கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருப்பது நச்சுப்புகை ஊட்டியது, வீட்டிற்கு ஆகாது. இம்மரம் மென்மையானது, கரையானுக்கு விருந்து. ஆதலின் தரையைத் தொடவிடாமல் சுவரில் இரும்புத் தாங்கிகள்மேல் நிறுத்துக. மகன் தன் வார விடுமுறை நாள்களில் இதனை இழைத்துத் தந்தான். ஆலையில் மயிரிழை பிசகாமல் அளந்து பழகியவனுக்கு என் அளவுகள் சிரிப்பை மூட்டின. "அப்பா, அங்குலத்தில் பாதி என்று சொல்லாதீர்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள்" என்பான். அவன் அடித்த தட்டுகளில் இன்றளவும் ஒன்றும் வளையவில்லை.

பயிர்த்தொழில் செய்யும் உறுப்பினர்களுக்குச் செலவு குறைந்த வேறொரு வழியுண்டு. நிலத்தை விற்றோ பிரித்தோ கொண்டபின் கிணற்றடியில் பயனற்று நிற்கும் மோட்டார்க் கொட்டகைகள் நம் பகுதியில் பல. நான்கு சுவரும் நிலையும் ஏற்கெனவே உள்ளன. வடக்கே ஒரு சாளரம் திறந்து கூரையைச் செப்பனிட்டால், விதைக் குறிப்பேடு எழுதவோ பனையோலை பின்னவோ மண்பாவை செய்யவோ அருமையான குடிலாகும். அங்குள்ள இலவச வேளாண் மின்சாரத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தலாகாது, அது விதிமீறல். வீட்டு இணைப்பிலிருந்தே கம்பி இழுத்தல் வேண்டும். புதிதாகக் கட்டுவோர் ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டறிந்து, அண்டை மனையோரத்தில் விடவேண்டிய இடத்தை விட்டுக் கட்டினால் பின்னர் வழக்கு வராது.

2017 தையில் தொடங்கிய வேலை ஆனியில் முடிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த மழையில் கொல்லையில் மறுபடியும் நீர் நின்றது. இரண்டாம் படியைத் தொட்டது, மூன்றாம் படிக்கு ஏறவில்லை. ஓடுகளில் ஏழு உடைந்தன. தாள்கள் மேல்தட்டில் உலர்ந்தே இருந்தன.

தந்தையாரின் அறுபத்திரண்டு கோலங்களில் இதுவரை பத்தொன்பதை மீட்டுள்ளேன். ஊர்ப் பெண்மணிகள் தம் தாய்மாரின் கூறைப்புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் விரிக்கின்றனர். உருப்பெருக்கும் கண்ணாடியால் இழை எண்ணிக் கட்டத்தாளில் ஏற்றுகின்றேன். ஒரு கரைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஜரிகை கறுத்து இழை இற்றுப்போன இடங்களில் என் ஊகமும் கலக்கின்றது; அங்கெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி இட்டு வைக்கின்றேன், பின்னால் வருபவர் எது தந்தையார் கை, எது என் கை என்று அறியட்டும் என்று. இரண்டை நெய்தும் பார்த்தாயிற்று. ஒன்று சங்கத்தில் மறுமுறையும் கேட்கப்பட்டது. மற்றொன்றை எவரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பிடித்தது.

அண்டைத் தெருவிலிருந்து இருவர் வந்து அளவெடுத்துச் சென்றுள்ளனர். ஒருவர் மேற்கே சாளரம் வைத்தே தீருவேன் என்கின்றார். மூன்று மணிக்கு வந்து என் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்படி சொல்லியிருக்கின்றேன். இனி வருவோர் தெருவாசல் வழியே வந்து கதவைத் தட்டாமல், பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்துவிடுக. இந்த வாரம் மகனுக்கு இரவு வேலை.